பத்திரமாக இறங்கிய விமானம்

பிப்ரவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. ஐம்பதைத் தொடப்போகிற ஹெட் நர்ஸை இன்னும் பாப்பா என்று கூப்பிடுகிறான் என்று உன் வார்டில் தெரிந்தால் சிரிப்பார்கள். தெரியாமல் பார்த்துக்கொள்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கோபம்தான் காரணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். போன வாரம் மருமகள் ஹாஸ்டலிலிருந்து பேசினாள். "மாமா, கோவம் மட்டும் இல்ல. உங்க குரல்லதான அம்மாவுக்கு அந்தச் சேதி வந்துச்சு. போன்ல உங்க பேரைப் பார்த்தாலே அம்மா போனைக் கவுத்து வச்சிடுறாங்க" என்றாள். அதைக் கேட்டபிறகு உன் நம்பரை அழுத்த எனக்கும் மனசு வரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

மாப்பிள்ளை போய் ஐந்து மாதம் ஆகப்போகிறது. நீ எப்படி இருக்கிறாய், சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று யாரைக் கேட்பது? மருமகளைக் கேட்டால், "அம்மா நல்லா இருக்கேன்னுதான் சொல்றாங்க" என்கிறாள். நீ அப்படித்தான் சொல்வாய். சின்ன வயதில் கதவிடுக்கில் விரல் நசுங்கி ரத்தம் கொட்டும்போதும் ஒன்றுமில்லை என்று கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டவள் நீ.

இங்கே எல்லாரும் நலம். அண்ணிக்கு முழங்கால் வலி கூடிக்கொண்டே போகிறது. மாடிப்படி ஏற முடியவில்லை. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் சரிசெய்கிறவன் பொண்டாட்டிக்கு லிஃப்ட் இல்லாத வீடு என்று அவளே சொல்லிச் சிரிக்கிறாள்.

உன் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று மருமகள் சொன்னாள். நீ ட்யூட்டியில் இருக்கிற நேரம் பார்த்துச் சொன்னால் வந்து வாஷரை மாற்றிவிட்டுப் போகிறேன். என்னைப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது.

அன்புடன்,
அண்ணன்

---

பிப்ரவரி 20

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. குழாயை ஆள் வைத்து மாற்றிவிட்டேன்.

வேறொரு வேலை இருக்கிறது. இந்த வீட்டைக் காலி செய்யப்போகிறேன். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே சின்ன வீடு ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மகள் ஹாஸ்டலில் இருக்கும்போது எனக்கு ஒருத்திக்கு எதற்கு மூன்று அறை? பின்பக்க அறையில் இருக்கிற அவருடைய சாமான்களைப் புது வீட்டில் வைக்க இடமில்லை. இடம் இருந்தாலும் வைக்க மாட்டேன்.

கூரையிலிருந்து அவர் கையால் செய்த நாலு சின்ன விமானம் தொங்குகிறது. மேசைமேல் பாதியில் நிற்கிறது ஒன்று. எஞ்சின், பசை, உப்புத்தாள், அவர் வேலை பார்த்த பல் செட் லேபிலிருந்து கொண்டுவந்த சின்னச் சின்ன அரம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ. எதையும் என்னைக் கேட்க வேண்டாம். பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்று இருக்கும், அதையும் எடுத்துக்கொள். அது அவருடையதுதான். கல்யாணமான முதல் வருஷம் என் பெட்டியை வைத்து விமான இறக்கையைப் போர்த்துகிற மஞ்சள் பிளாஸ்டிக் ஃபிலிமைச் சூடுவைத்து ஒட்டினார். அது தெரியாமல் அதே பெட்டியால் யூனிஃபார்மைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். டாக்டர்களோடு ரவுண்ட்ஸ் முடித்து வந்தபிறகு ஆயாம்மா சொல்கிறார், முதுகில் மஞ்சளாய் ஒரு பட்டை இருக்கிறதென்று. அன்றைக்கே போய் அவருக்குத் தனிப்பெட்டி வாங்கிக் கொடுத்தேன்.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன்.

வியாழக்கிழமை எனக்குக் காலை ட்யூட்டி. சாவி கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் இருக்கும். நான் வருவதற்குள் முடித்துவிட்டுப் போய்விடு.

இப்படிக்கு,
தங்கை

---

மார்ச் 2

அன்புள்ள பாப்பா,

சொன்னபடி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அறையைக் கூட்டிவிட்டுத்தான் போனேன். ஆனாலும் விமானத்துக்கு இழைத்த பால்சா கட்டையின் தூள் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஜன்னல் இடுக்கில் இன்னும் இருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

மேசைமேல் ஃப்ளாஸ்கில் தேநீர் இருந்தது. யாருக்கு வைத்தாய் என்று எழுதி வைக்கவில்லை. அண்ணனுக்குத்தான் என்று நினைத்துக் குடித்துவிட்டேன். சர்க்கரை போடாத தேநீர். எனக்குச் சர்க்கரை வியாதி வந்ததை நீ மறக்கவில்லை.

பாதியில் நின்ற விமானத்தைத் தூக்குவதுதான் பெரும் பாடாகிவிட்டது. பலகைமேல் வரைபடத்தை விரித்து, அதன்மேல் இறக்கையின் விலாக் கட்டைகளை ஊசியால் குத்தி நிறுத்தி வைத்திருக்கிறார். ஆட்டினால் எல்லாம் கோணிவிடும். பலகையோடு தலையில் வைத்துக்கொண்டு, நிமிராமல் குனியாமல் படி இறங்கினேன். தையல்காரம்மா, "என்னங்க, கல்யாணச் சீர்வரிசையா?" என்றார். இப்போது அது எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கூட்டும்போது அண்ணி அந்தப் பக்கம் விளக்குமாறு போகாமல் பார்த்துக்கொள்கிறாள்.

ஒரு பிஸ்கட் டப்பாவில் பைலட் தலைகள் இருந்தன. லேபில் மீந்துபோன மெழுகில் செய்தது. உனக்குத் தெரியுமே, பைலட் எல்லாருக்கும் முழுப் பல்வரிசை வைத்துவிடுவார். "ஆகாயத்துல போறவன் மூடுன வாயோட போகக் கூடாது மச்சான், அப்புறம் பயந்தவன் மாதிரி இருக்கும்" என்பார். டப்பாவைத் திறந்ததும் எட்டுப் பத்துப் பேர் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்கள். அங்கேயே தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

உன்னைக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பெரிய மஞ்சள் விமானம், அன்றைக்குப் பறந்தது, என் வீட்டில்தான் இருக்கிறது. துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். அதை என்ன செய்யட்டும்? நீ சொல்கிறபடி செய்கிறேன். உடைத்துப் போடு என்றால் உடைத்துப் போடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்

---

மார்ச் 11

அண்ணனுக்கு,

விமானத்தை என்ன செய்யட்டும் என்று என்னையா கேட்கிறாய்?

போன சனிக்கிழமை உங்கள் கடைக்காரர் வந்திருந்தார். விமானத்துக்குச் சாமான் விற்கிறவர், உங்களோடு ஞாயிற்றுக்கிழமைதோறும் மைதானத்துக்கு வருவாரே, அவர்தான். இத்தனை மாதமாக வரவேண்டும் வரவேண்டும் என்று நினைத்தாராம், தைரியம் வரவில்லையாம். நல்ல மனுஷன். உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "உங்க அண்ணன் அந்த விமானத்தை எவ்வளவு அழகா எறக்குனாரு தெரியுமாம்மா? அந்த நெலமைலயும் ஒரு கீறல் படல. வேற யாரா இருந்தாலும் தரையில குத்தியிருப்பாங்க" என்றார்.

ஒரு கீறல் படவில்லை.

நான் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மனுஷன் உன் பக்கத்தில் விழுந்து கிடக்கிறார். நீ வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். இது எனக்கு முதல் நாளே தெரியும். மைதானத்துக்குப் பிறகு வந்தவர்கள் கேள்விப்பட்டதை ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆனால் கீறல் படாத விஷயம் இப்போதுதான் தெரிந்தது. கட்டையும் காகிதமும்தானே அண்ணா? எங்காவது குத்திச் சிதறட்டும் என்று விட்டுவிட்டு, அவர் தலையை மடியில் எடுத்து வைத்திருக்கக் கூடாதா? அவர் தலை மண்ணில் கிடந்ததாமே.

இன்னொன்று. கடைக்காரர் ஓடிவரும்போது அவர் உன்னிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். தூரத்தில் இருந்ததால் என்ன பேசினார் என்று கேட்கவில்லையாம். ஆஸ்பத்திரியில் நான் உன் சட்டையைப் பிடித்துக் கேட்டேன், "எதாவது சொன்னாரா, எதாவது சொன்னாரா" என்று. "ஒண்ணும் சொல்லல பாப்பா" என்றாய். என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாய். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

என்ன சொன்னார்?

தங்கை

---

மார்ச் 19

அன்புள்ள பாப்பா,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். எழுதிவிடுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அன்றைக்குக் காலையில் காற்று கொஞ்சம் அதிகம். கடைக்காரர் வண்டி நிறுத்துகிற இடத்தில் தன் விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. மாப்பிள்ளை மஞ்சள் விமானத்தை மேலே ஏற்றிவிட்டார். நான் வழக்கம்போலப் பக்கத்தில் நின்று, வேறு ஏதாவது குறுக்கே வருகிறதா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த விமானத்தை நீ மைதானத்தில் பார்த்ததில்லை. இறக்கை ஒரு ஆளைவிட நீளம். எஞ்சின் கத்தினால் பேசுவது கேட்காது. வீட்டில் தொங்கியவையெல்லாம் அதன் பக்கத்தில் தட்டான்பூச்சி மாதிரி.

"மச்சான், இடது கை என்னவோ மரத்துப்போற மாதிரி இருக்கு" என்றார். நான், "நேத்து பூரா உப்புத்தாள் தேய்ச்சீங்கல்ல, அதான்" என்றேன். அவரும் ஆமாம் என்றார். சிரித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து ரிமோட்டை என் நெஞ்சில் வைத்து அழுத்தினார். "இந்தா மச்சான். நீ எடு." அவ்வளவுதான். கேட்பதற்குள் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். நான் ஒரு கையால் அவர் தோளைப் பிடித்தேன். மறு கையில் ரிமோட்.

மேலே பார்த்தேன். விமானம் மைதானத்தைத் தாண்டிப் போய், சாலைக்கு மேலே, மூக்கைக் கீழே சாய்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலையோரம் சந்தை போடுவார்கள். அதற்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அது கட்டையும் காகிதமும்தான் என்கிறாய். முன்னால் சுற்றுகிற விசிறி கத்தி மாதிரி, பாப்பா. அந்தக் கனத்தோடு கூட்டத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். அடிபட்டவர்களை நீ வார்டில் பார்த்திருக்கிறாய்.

ரிமோட்டுக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஓட்ட முடியாது. நான் அவரை விட்டேன்.

கடைக்காரரைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் ஓடிவர ஆரம்பித்தார். அவர் உடம்புக்கு அது சீக்கிரம் முடிகிற ஓட்டமில்லை. ஓடிக்கொண்டே ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார். அதற்குள் விமானத்தைத் திருப்பி மைதானத்துப் பக்கம் கொண்டுவந்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் தலை மண்ணில் இல்லை. என் பாதத்தின்மேல் சாய்ந்திருந்தது. விமானத்தைத் திருப்பும்போது உடம்பும் கூடவே திரும்பும், அது எங்களுக்குப் பழக்கம். அன்றைக்கு நான் காலை அசைக்கவில்லை. இடுப்புக்கு மேலேதான் திரும்பினேன்.

அப்போதுதான் பேசினார். குனிந்தால்தான் கேட்கும் அளவுக்கு மெதுவாக. என்னால் குனியவும் முடியாது. ஆனாலும் கேட்டது.

"பாத்து மச்சான். காத்து இடது பக்கம்."

அவ்வளவுதான் பாப்பா. அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நீ என் சட்டையைப் பிடித்துக் கேட்டபோது, உன் புருஷன் கடைசியாகக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொன்னார் என்று எந்த வாயால் சொல்வேன்? உன் பேரும் இல்லை, பிள்ளை பேரும் இல்லை. அதனால் ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீ கேட்கவில்லை, ஆனால் யோசிப்பாய். விமானம் சாலையைத் தாண்டி வெற்றுப் புதர்மேல் வந்துவிட்ட பிறகு நான் எஞ்சினை நிறுத்தி விட்டுவிட்டிருக்கலாம். யார்மேலும் விழுந்திருக்காது. நான் விடவில்லை. அவர் கண் திறந்திருந்தது. மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் இழைத்து இழைத்துச் செய்தது. அதை அவர் கண் முன்னால் குத்தவிட எனக்குக் கை வரவில்லை. காற்று இடது பக்கம் என்று சொல்கிற மனுஷன், அது இறங்குவதைப் பார்க்கக் காத்திருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. இறக்கினேன். ரிமோட்டைப் போட்டுவிட்டு, "மாப்பிள்ளை, எறங்கிடுச்சு" என்று கன்னத்தைத் தட்டினேன். அதற்குள் கடைக்காரர் வந்து அவர் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு நான் சொன்னது கேட்டதா தெரியாது.

மறுபடி அப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வாய் என்று நீ கேட்டால், இதையேதான் செய்வேன். உன் மனசு ஆறுவதற்காக மாற்றிச் சொல்ல என்னால் முடியாது.

அண்ணன்

---

ஏப்ரல் 8

அண்ணனுக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. ட்யூட்டியும் அதிகம். இரண்டு நர்ஸ் லீவு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீ அவரைக் காப்பாற்றவில்லை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. டாக்டர் அன்றைக்கே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சிஸ்டர், உங்களுக்குத் தெரியாததில்ல. நம்ம வாசல்லயே விழுந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். அது எனக்குத் தெரியும். உன்மேல் நான் கோபப்பட்டது அதற்காக இல்லை.

என் வார்டில் சொந்தபந்தம் வருவதற்குள் எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். அவர்கள் யாரையும் நான் தனியாகப் போக விட்டதில்லை. பேர் தெரியாத ஆளாக இருந்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படிப்பட்டவளுடைய புருஷன், பக்கத்தில் சொந்த மச்சான் இருக்கும்போது, பிடிக்க ஒரு கை இல்லாமல் போய்விட்டார். அதுதான் என் ஆற்றாமை. உன் கால்மேல் தலை சாய்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

நீ செய்தது சரிதான். சந்தையில் இருந்தவர்களும் பிள்ளைகளும் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்கள். தங்கள் தலைக்கு மேல் என்ன போனது என்றுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. புதருக்கு மேல் வந்தபிறகு நீ செய்ததுகூட அவருக்காகத்தான் என்று புரிகிறது. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருக்கிறது. நீ தப்பு செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு, அழுதுவிட்டு, போய்த் தொலை என்று மன்னித்திருப்பேன். சொந்த அண்ணன்தானே. தப்பே செய்யாதவனை எப்படி மன்னிப்பது?

அன்றைக்கு நான் நைட் ட்யூட்டி முடித்து வந்து படுத்திருந்தேன். அவர் கிளம்பியதே எனக்குத் தெரியாது. போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை, நானும் சரி என்று சொல்லவில்லை. எழுந்தபோது உன் போன். அதனால்தான் உன்னிடம் ஏதோ இருக்கிறது என்று நம்பிக்கொண்டே இருந்தேன். "அவகிட்ட சொல்லு மச்சான்" என்று தொடங்குகிற மாதிரி ஒரு வார்த்தை. ஏதோ காரணத்துக்காக நீ மறைக்கிறாய், என்றைக்காவது சொல்வாய் என்று. மறைத்திருந்தாய்தான். சொல்லியும் விட்டாய்.

இனி எதிர்பார்க்க ஒன்றுமில்லை. உனக்கு அது புரியுமா தெரியவில்லை.

மஞ்சள் விமானம் உன்னிடமே இருக்கட்டும். உடைக்க வேண்டாம். நான் அதைப் பார்க்க விரும்பவில்லை. கொஞ்ச காலத்துக்கு எனக்கு எழுதாதே. அண்ணியின் முழங்காலுக்கு ஒரு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். சூடாக்கித் தடவச் சொல். அழுத்தித் தேய்க்க வேண்டாம்.

தங்கை

---

ஏப்ரல் 17

அன்புள்ள பாப்பா,

நீ எழுதாதே என்ற பிறகு எழுதுகிறேன். இது ஒன்று மட்டும்தான். பிறகு நீயாக எழுதும்வரை என்னிடமிருந்து ஒன்றும் வராது.

உன் கடிதத்தை அண்ணி படித்துவிட்டு, "ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தா என்ன கொறஞ்சிருக்கும்? அவளைப் பார்த்துக்கோ மச்சான்னு சொன்னாருன்னு எழுதியிருக்கலாம்ல?" என்றாள். எழுதியிருக்கலாம். ஆனால் அது அவர் வார்த்தையாக இருக்காது, என் வார்த்தையாகத்தான் இருக்கும். அவர் பேசுகிற விதம் உனக்குத் தெரியும். இரண்டாவது தடவை படிக்கும்போதே கண்டுபிடித்துவிடுவாய்.

நடந்த ஒன்று மட்டும் இருக்கிறது. இத்தனை மாதமாக அந்தக் கடைசிக் கொஞ்ச நேரத்தையே போட்டுக் குடைந்துகொண்டிருந்ததில் இது என் ஞாபகத்துக்கே வரவில்லை. நீ தூங்கிக்கொண்டிருந்தேன் என்று எழுதியதும்தான் வந்தது.

அன்றைக்குக் காலையில் நான் வேனை உன் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறும் காலோடு படியிறங்கி வந்தார். விமானத்தை ஏற்றினோம். நான் சாவியைத் திருப்பப் போனேன். கையைப் பிடித்துவிட்டார்.

"ஸ்டார்ட் பண்ணாத மச்சான். அவ இப்பதான் படுத்தா."

"அதுக்கு?"

"உன் வண்டி போடுற சத்தத்துக்குப் பக்கத்துத் தெருவே எந்திரிச்சுக்கும். தள்ளு."

தெருமுனை வரைக்கும் வேனைத் தள்ளிக்கொண்டு போனோம் பாப்பா. நான் உள்ளே கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ள, அவர் பின்னால் நின்று தள்ளினார். பால்காரர் பார்த்துவிட்டு வண்டி ரிப்பேரா என்று கேட்டார். மாப்பிள்ளை, "வண்டி நல்லாத்தான் இருக்கு, வீட்ல தூங்குறாங்க" என்றார். முனை திரும்பிய பிறகுதான் ஸ்டார்ட் பண்ண விட்டார். அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்கும்தான் வாங்கியது, அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இது கடைசி வார்த்தை இல்லை. ஆனால் சொன்னார்.

எண்ணெய் வந்து சேர்ந்தது. அண்ணிக்குக் கொஞ்சம் தேவலாம்.

அண்ணன்

---

ஜூன் 12

அண்ணா,

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

வேனைத் தள்ளிக்கொண்டு போனதைப் படித்த அன்றைக்கு லீவு போட்டேன். இருபது வருஷத்தில் உடம்பு சரியில்லாமல் நான் போட்ட லீவுகளை எண்ணிவிடலாம். அன்றைக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. பகல் முழுக்கக் கட்டிலில் படுத்திருந்தேன். தெருவில் எந்த வண்டி போனாலும் அது போய் மறைகிறவரை காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுத வராது. மூச்சு வாங்கியதையும் மறைக்காமல் எழுதினாய். அதற்கும் சேர்த்து அழுதேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கி, சந்தைப் பக்கமாக நடந்து வந்து, கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். இத்தனை வருஷத்தில் அவர் எத்தனையோ முறை கூப்பிட்டும் அங்கே நான் வந்ததில்லை. நைட் ட்யூட்டி, துணி துவைக்க வேண்டும், தலைவலி என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

நீ இன்னும் அங்கே போகிறாய் என்று மகள் சொல்லிக் கேள்விப்பட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. எப்படி மனசு வருகிறது, அதே இடத்தில் போய் நின்று எப்படி விளையாட முடிகிறது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், உன்னோடு சண்டை போடத்தான் வந்தேன்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ ஒருமுறைகூட ரிமோட்டைத் தொடவில்லை. யார் பறக்கவிட வந்தாலும் அவருக்குப் பின்னால் ஓரடி தள்ளிப் போய் நின்றுகொள்கிறாய். அவர் முதுகுக்கு நேராக ஒரு கையை, தொடாமல், லேசாக நீட்டி வைத்துக்கொள்கிறாய். ஒரு பெரியவர் பறக்கவிட்டார், பிறகு கடைக்காரர், பிறகு கண்ணாடி போட்ட ஒருத்தர். எல்லாருக்கும் அதே மாதிரி. விமானம் குட்டிக்கரணம் போட்டது, தலைகீழாகப் போனது, அங்கே இருந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார்கள். நீ மட்டும் மேலே பார்க்கவே இல்லை. அந்த மனுஷனின் தோளையும் கையையும் பார்த்துக்கொண்டே நின்றாய். வார்டில் மயக்கம் தெளிந்து முதல் தடவை எழுந்து நடக்கிற நோயாளிக்குப் பின்னால் நாங்கள் அப்படித்தான் நிற்போம்.

தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது உனக்கு. யாரும் சொல்லவில்லை.

வேலியைப் பிடித்துக்கொண்டு அண்ணா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். கூப்பிடாமலே கம்பியை விட்டுவிட்டேன். நீ திரும்பிப் பார்த்திருந்தால் வந்திருப்பேனோ என்னவோ. நீ திரும்பவில்லை, உன் கண் அந்த ஆள்மேலேயே இருந்தது. பஸ் ஏறிப் போய்விட்டேன்.

உன்னை நேரில் பார்த்தால் என்ன ஆவேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. போனில் உன் குரலைக் கேட்கவும் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஒருவேளை இது இப்படியே இருந்துவிடலாம். சில காயம் ஆறினாலும் கை முழுசாக மடங்காது, நோயாளிகளிடம் நானே சொல்லியிருக்கிறேன், இதோடு பழகிக்கொள்ளுங்கள் என்று.

வீடு ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. வருகிற சனிக்கிழமை மாறுகிறேன். சாமான் ஏற்ற இரண்டு பேர் சொல்லியிருக்கிறேன். ஆனால் பீரோவை அவர்களை நம்பி விட முடியாது. அதன் ஒரு பக்கத்தை நீ பிடி. காலையில் வந்துவிடு. பேச வேண்டும் என்று இல்லை. நானும் பேசுவேனா தெரியாது. பேசாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே, வேலையைப் பார்.

அண்ணியைக் கூட்டிவராதே, இரண்டு மாடி ஏற முடியாது. அவளுக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டித் தருகிறேன்.

தங்கை